வீட்டுக்குப் பின்னால் பெரிய இலைகள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். சபையிலிருந்து வந்து சேலை மாற்றுவதற்குள் பின்பக்கம் டங் டங் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் அவர். கையில் கடப்பாரை. துணிக்கொடிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு பள்ளம்.

மண் எப்படி இருக்கிறது என்று பார்த்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மஸ்கட்டிலிருந்து மொத்தமாக வந்து சில மாதம் ஆகிறது. கல்யாணமான மறு வருஷமே போனவர். அங்கே ஓட்டல்களுக்குத் தோட்டம் போடும் வேலை. எப்போதாவது லீவு, சொந்தக்காரர்கள், பிரியாணி, மறுபடி ஏர்போர்ட். இப்போதுதான் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில். காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்று இன்னும் கேட்டுத்தான் போடுகிறேன்.

மதியம் வவ்வால் மீன் குழம்பு. நன்றாக வந்தது. 

ஆகஸ்ட் 20, புதன்

நான் பேக்கிங் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆடிட். அம்பத்தூரில் ரயில் ஏற முடியாத கூட்டம். ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து கோவில்பதாகை வந்து சேர்ந்தால், பின்பக்கம் பாதித் தரையைக் காணோம். மூலையில் சிமெண்டுச் சில்லு, மூட்டை மூட்டையாக.

அந்தத் தரை நான் போட்டது. மகள் ஷீபா பத்தாவது படித்த வருஷம் பெருமழை. பின்பக்கத்துத் தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு லோகு அக்காவும் நானும் ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தோம். இவர் அங்கிருந்து போனில் ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்கிறார். தண்ணீர் வடிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, லீவு போட்டு, பக்கத்திலேயே நின்று போட வைத்த தரை.

எல்லாம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஃபிரிட்ஜ் தூக்குன கதை எனக்குத் தெரியாதே எஸ்தர்."

தெரியாதுதான். இதையெல்லாம் யார் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் பேசுகிறோம் என்று பேர். சாப்பிட்டாயா, ஷீபா படிக்கிறாளா, வைக்கட்டுமா. அவ்வளவுதான் பேச்சு.

தோசை. அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சமாதானம். சமையலறை வாசலை ஒட்டிய சிமெண்டு அப்படியே இருக்கும். துணிக்கொடி என்னுடையது, அதைத் தொடக் கூடாது. மீதி இடம் அவருக்கு.

கரையான்சாவடியிலிருந்து ஷீபாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பழைய காலண்டர் தாளின் பின்னால் அவர் படம் போட்டுக் காட்டினார். தண்ணீர் சமையலறைப் பக்கம் திரும்பாமல் கடைசி மூலைக்கு ஓடும்படி மண்ணைச் சரிப்பாராம். அங்கே ஒரு பள்ளம். பள்ளத்தில் சேம்பு, கல்வாழை. இரண்டும் தண்ணீரில் நின்றாலும் சாகாதாம். பெரிய இலை கிட்டே, சின்ன இலை தூரத்தில். அப்படி வைத்தால் இடம் நீளமாகத் தெரியும். பாதை வளைந்து போக வேண்டும், முடிகிற இடம் கண்ணில் படக் கூடாது. நாலு எட்டு வைத்தால் லோகு அக்கா வீட்டு மதில். அதற்கு இத்தனை ரகசியம்!

டிராப்பிகல் கார்டன் என்று பேர் சொன்னார். ஷீபா விடவில்லை. நம்ம ஊரே வெயில் ஊர்தானே, இதில் தனியாக என்ன டிராப்பிகல் என்று கேட்டாள்.

"வெயிலு மட்டும் இருந்தா அது மொட்டை மாடிம்மா. நெழலும் ஈரமும் சேர்ந்தாத்தான் காடு."

மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார். ஒன்றும் புரிந்திருக்காது.

ஆகஸ்ட் 30, சனி

லீவு. கரையான்சாவடி தாண்டி ரோட்டோர நர்சரிக்குப் போனோம். வாங்கியவை: வாழைக் கன்று, பப்பாளி, விசிறி வாழை (ஒன்றே ஒன்று, பெரிதாக விரியுமாம்), ஹெலிகோனியா, கல்வாழை சிவப்பும் மஞ்சளும், சேம்பு, சித்தரத்தை, பெரணி. எனக்காக ஒரு நந்தியாவட்டை. அது காட்டுச் செடி இல்லையே என்றார். எனக்கு வேண்டும் என்றேன். எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு செடியையும் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். தொட்டியைச் சாய்த்து வேரைப் பார்க்கிறார். வேண்டாம் என்றால் தொட்டியை வைத்த இடத்திலேயே நேராக வைக்கிறார். கை அவ்வளவு மெதுவாகப் போகிறது. வீட்டில் டம்ளரை டமால் என்று வைக்கிற அதே கை.

இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் தோன்றியது.

குட்டி யானை வண்டியில் செடிகளோடு செடியாக வந்தோம். முடி முழுக்க மண். பாரிவாக்கம் சிக்னலில் ஒரு கைக்குழந்தை எங்களைப் பார்த்து டாட்டா காட்டியது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பின்மதிலுக்குக் கரும்பச்சை பெயின்ட். வெள்ளைச் சுவர் வெயிலை இலை மேல் திருப்பி அடிக்குமாம். இருட்டு நிறம் பின்னால் இருந்தால்தான் இலை எடுப்பாகத் தெரியுமாம். எனக்குப் பள்ளிக்கூட போர்டு மாதிரி இருக்கிறது. சொல்லவில்லை.

லோகு அக்கா மதில் மேல் தலையை நீட்டினார்.

"இன்னா எஸ்தரு, ஊட்டுக்குப் பின்னால காடு வளத்துகினு கீறாரு உங்க ஊட்டுக்காரரு? பாம்பு வந்துச்சின்னா எங்க ஊட்டுக்குத் தொரத்தி உட்ராதீங்க."

அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். மதில் ஓரம் ஒரு முழம் அகலத்துக்குச் செடியே வைக்காமல் கூட்டிச் சுத்தமாக விட்டிருக்கிறார்.

போர் தண்ணீரின் உப்பில் பெரணி நுனி கருகுகிறது. இனிமேல் அரிசி கழுவிய தண்ணீர் அதற்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் வாழைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பழைய சூப்பர்வைசர், மலையாளி. பாதி மலையாளம் பாதி தமிழ். எனக்குப் புரிந்தவரை: புது ஓட்டல், இரண்டு வருஷம், நவம்பரில் வர முடியுமா. "யோசிச்சு சொல்றேன் சார்." இல்லை என்று சொல்லவில்லை.

நான் வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்க் குக்கர் வைத்தேன். பருப்பு போட மறந்து வெறும் தண்ணீர் விசிலடித்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லவில்லை. சபையில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார், சுருதி சேராமல். சொல்லவில்லை.

விசிறி வாழையில் புது இலை, சுருட்டின பாய் மாதிரி. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். 

அப்படியென்றால் இந்தத் தோட்டம் எதற்கு? எனக்குத் துணைக்கு விட்டுப்போகவா?

செப்டம்பர் 16, செவ்வாய்

சாயந்திரம் தண்ணீர் ஊற்றும்போது அவரே ஆரம்பித்தார். இன்னும் உடம்பில் தெம்பு இருக்கிறதாம். நான் வேலைக்குப் போக, தான் வீட்டில் இருப்பது ஒரு மாதிரி இருக்கிறதாம். தெருவில் எப்போ திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறார்களாம். இரண்டே வருஷம்தானாம். எல்லாவற்றையும் சேம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. வேறு வந்தது.

"நீங்க போனா இதுக்கெல்லாம் நான் தண்ணி ஊத்த மாட்டேன்."

"செடி இன்னா பண்ணுச்சு எஸ்தர்?"

"நான் இன்னா பண்ணேன்?"

ஓஸ் பைப்பை மூட மறந்துவிட்டார். தண்ணீர் பாட்டுக்குப் பாதையில் ஓடியது. கடைசியில் நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

செப்டம்பர் 17, புதன்

கம்பெனியில் மூன்று டப்பாவில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்குள் கண்ணில் பட்டது. ஷீபா போன் செய்தாள். அப்பா அவளிடம் பேசியிருக்கிறார். "அம்மா, நீ கோச்சிக்கினியாமே?" என்றாள். இல்லை, தலைவலி என்றேன்.

வீட்டில் சாம்பார் அவர் வைத்திருந்தார். உப்பு ஜாஸ்தி. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். எங்கேயும் தள்ளிப் போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"வரல சார். அங்க நான் வச்ச செடிங்களுக்கு ஊத்த வேற ஆளு கீறாங்க. இங்க ஊத்த மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இவரும் சிரித்தார். நான் ஈரப் போர்வையைக் கொடியில் விரித்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். கண்ணைத் துடைக்க அதே போர்வை.

மதியம் கோழி எடுத்தோம்.

அக்டோபர் 8, புதன்

நர்சரிக்காரர் சொல்லி அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடிக்குத் தோட்டம் போடும் வேலை. இன்று முதல் நாள். காலை ரயிலில் இரண்டு பேரும். நான் லேடீஸ் பெட்டி, அவர் அடுத்த பெட்டி. இறங்கினதும் பிளாட்பாரத்தில் தேடிக்கொண்டு வந்து, டிபன் பாக்ஸ் மாறிவிட்டது என்றார். மாறவே இல்லை. இரண்டிலும் எலுமிச்சை சாதம்தான்.

பப்பாளி செத்துவிட்டது. வேர் அழுகல். ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தார்.

அக்டோபர் 22, புதன்

விடிகாலையிலிருந்து மழை. கம்பெனிக்குப் போகவில்லை. அரிசி டிரம், மிக்ஸி எல்லாம் மேலே ஏற்றினேன். அவரும் கூட ஏற்றினார். பிறகு குடையோடு பின்பக்கம் போய் நின்றார். குடை பேருக்குத்தான், தொப்பல்.

தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதை வழியாக ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. பள்ளம் நிறைந்தது. சேம்பு கழுத்தளவு தண்ணீரில். பிறகு தண்ணீர் பின்னோக்கி ஏறத் தொடங்கியது. சமையலறைப் படியைத் தொட்டது.  அவர் மண்வெட்டி எடுத்துப் பள்ளத்தின் கரையைத் தெருவுக்குப் போகும் சந்துப் பக்கம் வெட்டிவிட்டார். படியிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை. மெல்ல இறங்கியது.

அவருக்குத் துண்டு, எனக்கு டீ. இல்லை, இரண்டு பேருக்கும் இரண்டும்.

வாழை இலை கிழிந்து தோரணம் மாதிரி தொங்குகிறது. ஹெலிகோனியா ஒன்று சாய்ந்துவிட்டது. கல்வாழை இரண்டு பூ.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்டு வெயில். கொசு. பாதைக்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்தால் மதில் தெரியவில்லை. அவர் சொன்னது நிஜம்தான்.

 வாழைத் தண்டில் அணில். பிறகு கேட்டார்:

"நான் இல்லாதப்ப, ஞாயித்துக்கெழம மத்தியானத்துல இன்னா பண்ணுவ நீ?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். துணி மடிப்பேன். ஷீபாவுக்கு எண்ணெய் வைப்பேன். வெயில் தாழ்ந்ததும் காலனி மைதானத்தில் எறிபந்து. லோகு அக்கா, நான், இன்னும் சில பேர். நான்தான் கேப்டன். பொங்கல் போட்டியில் ஒரு தரம் எவர்சில்வர் வாளி ஜெயித்தோம். அவர் செடிக்குத் தண்ணீர் எடுக்கிறாரே, அந்த வாளிதான்.

எழுந்து போனார். வாளியிலிருந்த தண்ணீரைச் சித்தரத்தைக்கு ஊற்றிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் என் பேர் வெட்டியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாம இன்னும் இன்னா இன்னா கீது?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துப் போடச் சொன்னேன்.