இரவல் சாம்பிள்

மார்ச் 3

டேய் தம்பி,

நல்லா இருக்கியா? வார்டுல போனைப் பிடுங்கி வச்சுட்டாங்க, அதான் காகிதம். அம்மா முன்னாடி படிக்காத.

இங்க என்னை மாதிரி சாப்பிடவே பயந்து மெலிஞ்சுபோனவங்களுக்குச் சாப்பாட்டுச் சிகிச்சையோட ஒரு ஆராய்ச்சியும் நடக்குது. பயறு, கீரை, தயிர்னு கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குடுத்து, குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள் எப்படி மாறுதுன்னு பாக்குறாங்க. அதுக்கு வாராவாரம் வெளிக்குப் போனதுல கொஞ்சம் டப்பால போட்டுக் குடுக்கணும். போன தடவை எனக்கு நுண்ணுயிர் வகை ரொம்பக் கம்மியாம். எதுலயும் கம்மி வாங்கிப் பழக்கமில்லடா எனக்கு. இப்படியே வந்தா வீட்டுக்கே அனுப்ப மாட்டாங்க.

நீ கல்லைத் தின்னாலும் செரிக்கிறவன். ஞாயித்துக்கிழமை வரும்போது உன்னோடதைக் கொண்டு வா. நர்ஸ் டப்பா மேல பேரை மட்டும்தான் பாப்பாங்க.

உன்னையே நம்பியிருக்கிற
அக்கா

மார்ச் 5

அக்கா,

காலேஜை விட்டு ஓடி வந்ததுலேருந்து என்னை யாரும் இவ்வளவு நம்பினதில்ல. பைக் பட்டறையில உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சேன். முதலாளி, "யார்றா அந்தப் பொண்ணு?"ன்னு கேட்டார். என்னன்னு சொல்றது?

அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. நீ பாத்ரூம்ல மயங்கி விழுந்தப்ப கதவை உடைச்சவன் நான். தூக்கினா உன் உடம்புல கனமே இல்ல. அந்தக் கையால டப்பா தூக்கிட்டு வர மாட்டேன்.

திட்டிக்கோ. ஆனா பேசாம மட்டும் இருந்துடாத.

தம்பி

மார்ச் 9

அக்கா,

நேத்து வெறுங்கையோட வந்தேன்னதும் போர்வையை இழுத்து மூடிக்கிட்ட. ஒரு மணி நேரம் போர்வைகிட்ட பேசினேன். பக்கத்து பெட் பொண்ணு பாவப்பட்டு எனக்கு "உம்" கொட்டிச்சு.

உன் குடலுக்கு யாரும் ரேங்க் போடல அக்கா. ஃபெயில் ஆனா என்ன ஆகும்னு நம்ம வீட்டுல எனக்குத்தான் தெரியும். ஒரு வாரம் அழுவோம். அப்புறம் பசிக்கும்.

ஒரு வரியாவது எழுது.

போர்வைகிட்ட தோத்துப்போன
தம்பி

மார்ச் 12

டேய்,

உன்மேல இருந்த கோவத்துல, ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க கத்தல. "தம்பியோடதைக் குடுத்திருந்தா, இந்தச் சாப்பாடு உனக்குப் பிரமாதமா ஒத்துக்குதுன்னு எழுதியிருப்போம். அடுத்து வர்ற பொண்ணுக்கும் அதை நம்பிக் குடுத்திருப்போம்மா. நுண்ணுயிர் மாறினா இந்த நோய்க்கு எவ்வளவு உதவும்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உன்னோடது வேணும், கம்மியோ கூடவோ"ன்னாங்க. வீட்டுக்கு அனுப்புறதுக்கும் அந்த டப்பாவுக்கும் சம்பந்தமே இல்லையாம். நான் சாப்பிடுறேனா, உடம்பு தேறுதா, அதுதானாம்.

பக்கத்து பெட்டைத் திரும்பிப் பாத்தேன். அந்தப் பொண்ணுக்குப் பதினாலு வயசுடா. என்னோடதையே குடுத்துட்டேன்.

இன்னிக்கு மத்தியானம் பயறை முழுசா சாப்பிட்டேன். அழுதுகிட்டேதான். வயிறு பாறாங்கல் மாதிரி உப்பிக்கிச்சு. ஆனாலும் சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை வீட்டு ஆளுங்களோட உக்காந்து சாப்பிட மேசை போடுறாங்க. உன் பேரைக் குடுத்திருக்கேன். பசியோட வா. ஒண்ணே ஒண்ணு: என் தட்டையே பாத்துக்கிட்டு இருக்காத. உன் தட்டைப் பாத்துச் சாப்பிடு.

அக்கா