புகைக் கூடை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் பாப்பாவும் அத்தையும் சுகம்தானே? அத்தைக்குக் கால்வலி குறைந்ததா?

இங்கே சலவைக்கூடத்தில் சிகரெட் வாடை அடிக்கும் துணிகளைத் தனிக் கூடையில் போடுவோம். மற்ற துணிகளோடு கிடந்தால் அவற்றிலும் வாடை ஏறிவிடும். முகர்ந்து பார்த்துப் பிரிப்பது என் வேலை. உங்களோடு குடித்தனம் நடத்திய மூக்காயிற்றே, தப்புமா?

நேற்று சூப்பர்வைசர் அக்கா அந்தக் கூடையிலிருந்து ஒரு சின்ன கவுனைத் தூக்கிக் காட்டினார். "இதை யாரு இதுல போட்டது? பால்குடி மறக்காத பிள்ளையா சிகரெட் பிடிக்குது?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "நான்தான் போட்டேன். மோந்து பாருங்கக்கா" என்றேன். முகர்ந்து பார்த்தவர் அதே கூடையில் திரும்பப் போட்டுவிட்டார்.

பாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? "வெளியில நின்னுதானே பிடிக்கிறேன்" என்பீர்கள். பிடித்துவிட்டு அதே சட்டையோடுதானே வந்து அவளைத் தூக்குகிறீர்கள்?

ஒரு சின்ன உதவி. பக்கத்து வீட்டு அண்ணன் லீவு முடிந்து அடுத்த மாதம் இங்கே திரும்புகிறாராம். அவரிடம் பாப்பா போட்டுக் கழற்றிய கவுன் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். ராத்திரியில் தலையணை பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான், வேறொன்றுமில்லை.

வேலைக்குக் கூட்டிப் போகும் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. கவுனைத் துவைத்துவிடாதீர்கள். அதில் அவள் வாசம் மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா