பாசிக்காரர் வீட்டுப் பொடிச் சாறு

அன்புள்ள மினோரிக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் ரிஷிரித் தீவும் இருந்தபடியே இருக்கிறோம், என் இடது மணிக்கட்டு மட்டும் இரண்டாகிவிட்டது. நீ சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லை என்றால்தானே அம்மாவுக்குப் போன் செய்யத் தோன்றும்.

பதறிக்கொண்டு கிளம்பாதே, கட்டுப் போட்டு பத்து நாள் ஆகிறது. இந்த வருடக் கடல்பாசி அறுப்பின் முதல் நாளே விழுந்தேன். உன் அப்பா படகிலிருந்து இறக்கிய கோம்புப் பாசியை ஒவ்வொன்றாக நீட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கூழாங்கல் வழுக்கிவிட்டது, முப்பத்தொரு வருடமாக நான் மிதிக்கிற அதே கல். ஓடி வந்த உன் அப்பா முதலில் தூக்கியது என்னை அல்ல, எனக்கு அடியில் கிடந்த பாசியை. "மடிஞ்சு போச்சுன்னா தரம் குறைஞ்சிடும்" என்றார். நான் மடிந்து கிடந்ததை அப்புறம்தான் பார்த்தார். ஆனாலும் குறை சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். ஒடிந்தது இடது கைதான், வலது கையால் ஒன்றும் செய்யக் கூடாதென்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் சொன்னதாக உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை, அதை வீணாக்குவேனா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கை போனதால் பாசி பரப்ப ஆள் குறைந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஒகினோ அண்ணனும் அவர் மனைவி சதாயே அக்காவும் உதவிக்கு வந்தார்கள். வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு நம் வீட்டில்தான், சோறும், பாசிச் சாற்றில் சோயா விழுதைக் கரைக்கிற மிசோ சூப்பும். சமைக்க நம் வீட்டு மகாராஜா, உன் அப்பா, அடுப்படிக்குள் நுழைந்தார். நாற்பது வருடமாகக் கடலுக்குள் குனிந்து பாசி பறிக்கிறவர், ஜப்பானிலேயே நல்ல சாறு தருவது நம் கரைப் பாசிதான் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அளக்கிறவர், அந்தச் சாற்றை எப்படி இறக்குவது என்று ஒரு நாளாவது பார்த்திருப்பாரா? முதல் தரப் பாசியில் ஒரு கை அள்ளிப் போட்டு அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டார். கொதி வருவதற்கு முன்னாலேயே பாசியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்கவில்லையே, நான் ஏன் சொல்கிறேன்? கொழகொழவென்று கசப்பாக ஒன்று வந்தது. சதாயே அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்ப்பா தோகுஜி, இது சூப்பா, இல்ல படகு கழுவின தண்ணியா?" என்று கேட்டாள். ஒகினோ அண்ணன் மரியாதைக்காரர், முழுசாகக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி சாப்பிட்டாராம்.

மறுநாள் மூடுபனி, படகு எதுவும் போகவில்லை. அதற்கும் மறுநாள் சூப்பு வைத்தார் பார், வாசனை வாசல் வரைக்கும் வந்தது. ஒரு வாய் குடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ வருடா வருடம் அனுப்பும் சாறுப் பொடிப் பாக்கெட்டுகளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். தன் காலுறை எங்கே இருக்கிறதென்று முப்பத்தொரு வருடமாகத் தெரியாத மனிதருக்கு அந்த இடம் மட்டும் எப்படித் தெரிந்ததோ. இரண்டு வருடத்துக்கு முன்னால் புத்தாண்டன்று, நாகோயாவில் ஒரு சாறுப் பொடிக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னபோது, "பாசிக்காரனுக்குப் பொறந்துட்டு பொடி விக்கப் போறியா, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாரே, அதே மகான்தான்.

ஒகினோ அண்ணன் இரண்டாவது கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "இதுதான்யா நம்ம கரைப் பாசி! இந்த ருசி பாக்கெட்டுல வருமா? நாகோயாவுல உக்காந்துகிட்டு பொடி இடிக்கிறாங்களே, அவங்க வந்து இதை ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்" என்றார். உன் அப்பாவைக் குளிரவைக்க இந்தக் கரையில் எல்லோரும் இரண்டு வருடமாக இப்படித்தான் பேசுகிறார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப்போகிறது? ஆட்டிவிடுவார் என்றுதான் நானும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மனிதர் அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். கிழித்த பாக்கெட்டைக் கொண்டுவந்து ஒகினோ அண்ணன் முன்னால் வைத்தார். "பாக்கெட்டுலதான் வந்திருக்கு. எம் பொண்ணு செஞ்சது" என்றார். ஒகினோ அண்ணனுக்கு வாய் நிறைய சூப்பு, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சதாயே அக்காதான், "அப்ப எனக்கும் இன்னொரு கிண்ணம் ஊத்து" என்றாள். உன் அப்பா ஊற்றிக் கொடுத்துவிட்டு, புரட்ட வேண்டிய அவசியமே இல்லாத பாசியைப் புரட்டப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொன்னேன். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் புத்தியில்லை, நல்லவேளை.

அன்று சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாசியை எப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுக்கணும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ராத்திரியே ஊறப்போட வேண்டும், பாத்திரத்தின் ஓரத்தில் குட்டிக் குமிழி வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஒரு வாரமாக ஒழுங்காக வைக்கிறார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே, தலைகால் புரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்து நின்றார். "அவளுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "பொடியில உப்பு கொஞ்சம் அதிகம்னு எழுது" என்றார். இரண்டு வருடம் கழித்து, பெற்ற மகளுக்குச் சொல்லி அனுப்ப இதுதான் கிடைத்தது, கண்ணாடி போட்டு மாட்டி வை. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று கதவு வரைக்கும் போனவர் அங்கிருந்தே, "ஓபோன் பண்டிகைக்கு வர்றப்போ குறைச்சு எடுத்துட்டு வரச் சொல்லு, நான் குடிச்சுப் பாத்து சொல்றேன்" என்றார்.

குளிக்காமல் தூங்காதே, வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மூடுபனி இறங்கினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், ஒரு நாள் முன்னதாகவே கிளம்பு. உப்பைக் குறைக்கிறாயோ இல்லையோ, கப்பலை விட்டுவிடாதே.

உன் வரவுக்கு இரண்டு பேர் காத்திருக்கிறோம், ஒருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அம்மா,
தோமோயே