சின்ன வண்டியே போதும் என்றீர்கள், அப்பா

என் தங்க அப்பாவுக்கு,

படுக்கையும் அடுப்பும் வைத்த நம் பெரிய கேரவனை அம்மா போன கிழமை கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, நீங்கள் முதலில் பார்த்து வைத்த மாதிரி ஒரு சின்ன வண்டி வந்திருக்கிறது. இது நீங்கள் கேட்க விரும்பும் செய்தி. சொல்லக் கூசுகிற செய்தி இன்னொன்று இருக்கிறது.

நீங்கள் கேரவனுக்கு ஆசைப்பட்டதே ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து அத்தைக்காகத்தான். "அக்காவோட லயத்து ஒத்தக் காம்பராவுல நாம மூணு பேரும் படுத்தா அவங்க எங்க படுப்பாங்க? நாம வண்டிக்குள்ளேயே படுத்துக்குவோம்" என்றீர்கள். வாங்கும் முன் நம் கண்டி வீட்டு ஹாலில் சின்ன வண்டியின் அளவுக்குத் தரையில் சோக்கட்டியால் கோடு கீறி, எங்களை அதற்குள் படுக்கச் சொன்னீர்கள்.

எனக்கோ வாசிக்க ஒரு மேசை வேண்டும், உள்ளே நிமிர்ந்து நடக்க வேண்டும். வகுப்பில் அப்படித்தான் பீற்றியும் வைத்திருந்தேன். தலையணையை ஒரு சாண் கீழே இழுத்துவிட்டுப் படுத்தேன்.

"கால் வெளியே போகுதுப்பா."

"வளர்ற புள்ள. பெருசே எடுப்போம்."

"அந்த ரோட்டுல பெருசு திரும்புமா?" என்று அம்மா மட்டும் கேட்டார்.

தோட்டத்துப் பாதையின் முதல் வளைவிலேயே வண்டி குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் மண்மேடு, பின்னால் பள்ளம். கொழுந்து லொறிக்காரர் இறங்கி வந்து, "என்னண்ணே, வீட்டையே பேத்துக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கவும் இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்து, கண்டிக்கே திரும்பினோம். உங்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அத்தையிடம் போனில், "எஞ்சின்ல ஒரு கோளாறுக்கா, அடுத்த மாசம் வர்றேன்" என்றீர்கள். பாதை சின்னது என்றால் அவர் மனம் நோகும் என்றா? அந்த அடுத்த மாதம் வருவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று அத்தை உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பெரிய வண்டி வாங்குனதும் இந்த அக்கா வீடு கண்ணுக்குத் தெரியாமப் போச்சாடா தம்பி?" பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் தலையைத் தடவி, பாவம் என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் கழுவி முடிக்கும் வரை அம்மா திரும்பவே இல்லை. பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அத்தைகிட்ட சொல்லு" என்றார்.

சனிக்கிழமை போகிறோம். அத்தை கதவைச் சாத்திவிடுவாரோ? சாத்தினாலும் வாசலில் நின்று சொல்வேன், அப்பா. அவர் தம்பி வர மறுக்கவில்லை, நான்தான் வரவிடவில்லை என்று. தேத்தண்ணி தந்தால், சொல்லி முடித்த பிறகுதான் குடிப்பேன்.

உங்களை ஏமாற்றிய, உங்கள் ஒரே மகள்
தர்ஷினி