திருப்பி அனுப்பிய தட்டுகள்

செப்டம்பர் 6, செவ்வாய்

தக்காளிக்கு இது கடைசி வாரம். காலையில் ஒரு கூடை பறித்தேன். விரலில் காம்பு வாசம் ஒட்டியிருக்க வேண்டும். முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிறகு டென்னிஸ் போன் பண்ணினான். மாணவர் சகோதர சங்கத்தின் பழைய ஆட்கள் குழுவை இப்போது அவன்தான் நடத்துகிறான். ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரத்தில், சங்க வீட்டில் தங்கிப் படித்துப்போன இரண்டு பேரைக் கூப்பிட்டு விருந்து வைத்து மரியாதை செய்வார்கள். பெரிய ஆளாக ஆனால் மட்டும் போதாது. அவர்களால் நாலு பேருக்கு நல்லது நடந்திருக்க வேண்டும். அன்றைக்கு என்ன சாப்பாடு என்பதை அந்த இருவரில் மூத்தவர் சொல்வது வழக்கம்.

"இந்த வருஷம் டாக்டர் வர்ஜில் ஸ்டாம்பர். என்ன கேட்டார் தெரியுமா? ஆர்லோ கையால கோழி நூடுல்ஸ், அடியில மசிச்ச உருளைக்கிழங்கு. வேற யார் செஞ்சாலும் வரமாட்டாராம்."

சங்க வீட்டில் நான் சமையல்காரனாக இருந்த காலத்தில், வர்ஜில் என் அடுப்படியில் பாத்திரம் தேய்த்து, அதையே சாப்பாட்டுக்கு வழியாக்கிக்கொண்டு படித்தவன். என் வாய் முந்திக்கொண்டு சரி என்றது. போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது.

ஜனவரியில் வந்த காய்ச்சல் என் நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பும் சர்க்கரையும் எனக்கு ஒரே மணல். யாருக்கும் தெரியாது. லவீனாவுக்கும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டிலும் நான்தான் சமையல். அதுவும் போனால் நான் யார்?

செப்டம்பர் 7

சரி என்று சொன்னது சொன்னதுதான்.

செப்டம்பர் 11, ஞாயிறு

ஒரு சின்னப் பானையில் வைத்துப் பார்த்தேன். நான் எந்தச் சமையலையும் எழுதி வைத்தவன் இல்லை. மூன்று குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன் எதை எழுத? மீதி எழுத்தை லவீனா கற்றுக்கொடுத்தபோது எனக்கு நாற்பது வயது. அதற்குள் சமையல் எல்லாம் நாக்கில் பதிந்துவிட்டது. அளவுக் கரண்டியை நான் தொட்டதில்லை. போடுவேன், ருசி பார்ப்பேன், இன்னும் போடுவேன், அவ்வளவுதான்.

இன்று கை சொன்னபடி உப்பு போட்டேன். ஆனால் இது அந்தப் பழைய கை இல்லை. சுருங்கிவிட்டது, ஒரு பிடி எவ்வளவு என்று அதற்கே தெரியவில்லை.

லவீனாவிடம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றாள். அவள் எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்பவள். அறுபது வருஷமாக அப்படித்தான். அதை வைத்துக்கொண்டு நான் எந்த முடிவுக்கு வர?

செப்டம்பர் 18, ஞாயிறு

வர்ஜில் நன்றி சொல்லப் போன் பண்ணினான். டாக்டர்தானே என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவன் திட்டினான், ஜனவரியிலேயே ஏன் சொல்லவில்லை என்று. போன ருசி சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, என் வயதுக்கு உறுதி சொல்ல முடியாது என்றான். பொய் சொல்லித் தேற்றவில்லை. அதற்கே அவனுக்கு நன்றி சொன்னேன்.

"நான் வந்து ருசி பாக்கறேன். இதுக்குப் போயி கவலைப்படறீங்களே."

சிரித்துவிட்டேன். நல்ல பையன், ஆனால் அவன் நாக்கு? ஒரு தடவை புதுப் பையன் ஒருத்தன் குழம்பில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கொட்டிவிட்டான். வீடே எழுந்து போய்விட்டது. வர்ஜில் மட்டும் உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டான். மலைக்கிராமத்தில் பசியோடு வளர்ந்தவன், அவனுக்குச் சூடாக இருந்தால் சாப்பாடு. அந்த மலைக்கே டாக்டராகத் திரும்பிப்போய், முப்பது வருஷத்துக்கு மேலாக ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரி நடத்துகிறான். வெள்ளத்தில் பாலம் போனபோது டிராக்டரில் ஏறிப்போய்ப் பிரசவம் பார்த்தவன். இப்படிப்பட்டவனுக்கு உப்பில்லாத சாப்பாட்டைப் போட்டால் அதையும் வழித்துச் சாப்பிட்டு, அருமை என்பான். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

யாருக்கு நாக்கு இருந்தது? ஒரு வாரமாக இதே யோசனை. முப்பத்தேழு வருஷப் பையன்கள். முகம் முகமாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். எவன் எந்த நாற்காலி, எவன் பட்டாணியை ஒதுக்குவான், எல்லாம் வருகிறது. நாக்கு உள்ளவன் மட்டும் வரவில்லை. வந்தது ஒரே ஒருத்தன். அவனைத்தான் நான் நினைக்க விரும்பவில்லை.

பிரெஸ்டன் ஹேல்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை. ஜன்னலோர மேசை. நாலு வருஷமும் தட்டைத் திருப்பி அனுப்பினான். பரிமாறுகிற வர்ஜில்தான் தட்டோடு வந்து நிற்பான். "மிளகு பழசாம்." "இன்னிக்கு வெண்ணெய் வேறயாம்." நான் வர்ஜில் முன்னாலேயே பிரெஸ்டனின் ஏழு தலைமுறையையும் வைவேன்.

ஆனால் வெண்ணெய் அன்றைக்கு வேறுதான். பால்வண்டி வராததால் மார்கரின் கலந்தேன். அத்தனை பேரில் ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை, அவனைத் தவிர. மிளகும் பழசுதான்.

இந்த வருஷம் மரியாதை பெறுகிற இரண்டாவது ஆள் அவன். இப்போது நீதிபதி. போதைப் பழக்கத்தில் மாட்டினவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், வேலையும் வைத்தியமும் கொடுத்து வாராவாரம் தன் முன்னால் வந்து நிற்கவைக்கிற தனி நீதிமன்றத்தை நம் மாவட்டத்தில் தொடங்கியவன். டென்னிஸ் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனிடம் போய் எப்படிக் கேட்பது?

அக்டோபர் 2, ஞாயிறு

கேட்டேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. ஆர்லோ, சங்க வீட்டுச் சமையல்காரன் என்றேன். இப்போது புரிந்துகொண்டான்.

"நான் திருப்பி அனுப்பின தட்டெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு விடாம."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிடறீங்க?"

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு பெரிய மனுஷனிடம் கரண்டியோடு நில் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அதுவும் அவனுக்கே மரியாதை செய்கிற நாளில். அவன் வர்ஜிலை ஏன் கேட்கவில்லை என்றான். வர்ஜிலுக்கு நாக்கு பேசுவதற்கு மட்டும்தான் என்றேன். அவன் சிரித்து நான் இதற்கு முன் கேட்டதே இல்லை.

"விருந்து ஆறரைக்கு. நான் ரெண்டு மணிக்கு வந்துடறேன். ஆனா ஒண்ணு, மனசு நோகக்கூடாதுன்னு நான் எதையும் மாத்திச் சொல்லமாட்டேன்."

"மாத்திச் சொன்னா வெளிய போ."

அக்டோபர் 13, வியாழன்

லவீனாவும் நானும் மாவு தேய்த்தோம். நறுக்கிய நூடுல்ஸ் வீடு முழுக்க விரிப்புகளில் காய்கிறது. படுக்கக்கூட இடமில்லை. சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே தூங்கினோம். அவள் தலை என் தோளில் இருந்தது. வலித்தது, அசையவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு

நேற்றைய நாளை எழுதிவிட வேண்டும்.

சொன்னபடி இரண்டு மணிக்குப் பிரெஸ்டன் வந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. நல்ல கோட்டு. கழற்றி ஆணியில் மாட்டி, கேட்காமலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அடுப்படிக்குள் கால் வைத்தது நேற்றுதானாம்.

பெரிய பானைகள் மூன்று. முதல் பானைக் கோழிச்சாற்றுக்கு நானே கை சொன்னபடி உப்பு போட்டிருந்தேன். அவன் ஒரு கரண்டி வாயில் வைத்தான். கீழே வைத்தான்.

"கடல் தண்ணி."

அப்போது பார்த்து வர்ஜில் உள்ளே வந்தான். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான், அறுபத்தைந்து வயதுக்காரன். அவனும் ஒரு கரண்டி குடித்து, அருமையாக இருக்கிறதே என்றான்.

"நீ பேசாதடா," என்றான் பிரெஸ்டன்.

"ஆரம்பிச்சுட்டான் பாருங்க. இன்னிக்கும் நான்தான் தட்டைத் தூக்கணுமா?"

நல்லவேளை, மற்ற இரண்டு பானையிலும் இன்னும் உப்பு போடவில்லை. அந்தக் கடல் தண்ணியை மூன்று பானைக்கும் பிரித்தோம். ஊற்றுவது நான், ருசி பார்ப்பது அவன், தூக்குவது வர்ஜில். இன்னும் கொஞ்சம். போதும். இந்தப் பானைக்கு மட்டும் ஒரு சிட்டிகை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் புருவம் இறங்கினால் எனக்கு உயிர் வந்தது.

ஆறு மணிக்கு நூடுல்ஸ் வெந்துவிட்டது. மறுபடி ருசி பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான். உப்பு சரி, மிளகு சரி, ஆனால் இது உங்களுடையது இல்லை என்றான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"செலரி இலை. கடைசில போடுவீங்க. எங்க அது?"

மறந்துபோயிருந்தேன். வாசம் வராதவனுக்கு வாசத்துக்குப் போடுவது எப்படி ஞாபகம் வரும்? காய் நறுக்கின பையன்கள் இலையை ஒடித்துக் கழிவு வாளியில் போட்டுவிட்டார்கள்.

அப்போது கூடத்தில் பாட்டு தொடங்கிவிட்டது. வழக்கப்படி சங்கத்துப் பையன்கள் இரண்டு வரிசையாக நின்று பாட, மரியாதை பெறுகிறவர்கள் வாசல் வழியே நடுவில் நடந்து வர வேண்டும். டென்னிஸ் கதவைத் திறந்து பார்த்தான். நீதிபதி வாளிக்குள் கைவிட்டு இலை பொறுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தார்.

"சார், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இன்னொரு தடவை பாடச் சொல்லுப்பா," என்றான் பிரெஸ்டன்.

மூன்று தடவை பாடினார்கள். இலையைப் பொடியாக நறுக்கித் தூவி, கிளறி, அவனுக்குக் கரண்டியை நீட்டினேன். குடித்தான். கரண்டியைத் திரும்ப நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டான்.

இரண்டு பேரும் வாசல் வழியாகப் போகவில்லை. அடுப்படிக் கதவு வழியாக, ஏப்ரனோடு, சட்டைக்கையில் மாவோடு கூடத்துக்குள் நுழைந்தார்கள். வீடு இடிகிற மாதிரி கைதட்டல்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வர்ஜிலைப் பற்றி வாசித்தபோது, அவன் டிராக்டரில் போய்ப் பிரசவம் பார்த்த பிள்ளை எழுந்து நின்றது. வளர்ந்த பெண். இப்போது அவன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். வர்ஜில் பேச வேண்டிய இடத்தில் பேச்சு வராமல், எல்லாரும் சாப்பிடுங்க, ஆறிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பிரெஸ்டன் பேசினான்.

"இந்த வீட்டுல நாலு வருஷம் நான் தட்டைத் திருப்பி அனுப்பினேன். சமையல்காரர் ஒரு தடவைகூட அதைக் குப்பையில கொட்டல. சரி பண்ணி, அதே தட்டை மறுபடி அனுப்புவார். என்கிட்ட வர்ற ஆளுங்களை நான் என்ன பண்றேன்னு பத்திரிகைக்காரங்க கேட்கிறாங்க. அதைத்தான் பண்றேன்."

நான் வாய் நிறையத் திட்டிக்கொண்டேதான் சரி பண்ணினேன். அதை அவன் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? வர்ஜில் சொல்லியிருப்பான்.

தட்டெல்லாம் காலியாகத் திரும்பி வந்தன. நின்று பார்த்தேன். கண் கலங்கியது, வெங்காயம்கூட நறுக்கவில்லை. வர்ஜில் பழக்கதோஷத்தில் நேராகத் தொட்டிக்குப் போய்ச் சட்டைக்கையை மடித்தான். தடுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை.

அக்டோபர் 30

காபி இன்றைக்கும் வெறும் வெந்நீர்தான். சூடாவது தெரிகிறது. சரி.

நவம்பர் 13, ஞாயிறு

பிரெஸ்டன் வீட்டுக்கு வந்தான். இந்தப் பக்கம் வேலை இருந்ததாம். எந்த வேலையும் இல்லை என்று முகமே சொன்னது. நான் வைத்த பீன்ஸ் சூப்பை லவீனா மூன்று கிண்ணத்தில் ஊற்றினாள்.

அவன் ஒரு வாய் சாப்பிட்டான். ஸ்பூனைக் கீழே வைத்தான். லவீனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சொல்லு," என்றேன்.

"உப்பு ரொம்ப ஜாஸ்தி, ஆர்லோ."

லவீனா சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஜனவரியிலேர்ந்து குதிரை மாதிரி தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

எல்லாம் தெரிந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட முதல் வாரமே. பத்து மாதம் தினமும் அதைச் சாப்பிட்டு, தினமும் நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அடுப்பை விட்டுட்டுப் போய் ஜன்னல்கிட்ட உக்காந்துடுவே. அப்புறம் உன்னை யாரு எழுப்பறது?"

பிறகு லவீனா பிரெஸ்டனைப் பார்த்தாள், தன் கிண்ணத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் மெல்ல அதை என் பக்கம் தள்ளினாள்.

"இதைத் திருப்பி அனுப்பறேன்," என்றாள்.

எழுந்து போய், சூப்பின் உப்பை இழுக்க உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தேன்.