துடுப்பு மூழ்கும் அளவு பால்

என் அன்பு மாமாவுக்கு,

அங்கேயாவது விடிந்த பிறகு எழுந்திருக்கிறீர்களா? நான் இன்னும் இருட்டோடு எழுந்து உங்கள் கேனைத்தான் பால் சொசைட்டிக்குச் சுமக்கிறேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் பங்கை என் பேருக்கு மாற்றினார்கள். அடுத்த தேர்தலில் உங்கள் தலைவர் நாற்காலியிலும் என்னையே உட்கார வைத்தார்கள். புலி வாலைப் பிடித்த கதைதான் என் கதை.

ஊருக்குள் இப்போது தனியார் பால் வேன் வருகிறது. நம்மைவிடக் கூடுதல் விலை, வாராவாரம் பட்டுவாடா. பெரிய பண்ணைக்காரர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

பாலைக் குளிர வைக்கும் அந்தக் கூலருக்காக வீடு வீடாகப் போய் நின்றீர்களே! ஒவ்வொருவர் பால் காசிலும் கொஞ்சம் பிடித்துத்தானே அதை வாங்கினீர்கள்? பத்து மாட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு, ஒற்றை எருமை வைத்திருக்கும் ரங்கம்மாளுக்கும் ஒரு ஓட்டு என்று மல்லுக்கு நின்றீர்கள். "ஓட்டு மாட்டுக்கா? மனுசனுக்குத்தானுங்க" என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது.

நம் மகள் மலருக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலுக்குப் பணம் போதவில்லை. "கூலருக்குப் பிடிச்ச காசைத் திருப்பி வாங்கும்மா" என்றாள். பங்குத்தொகை அன்றைக்குப் போட்ட அளவுதான் திரும்பும், அது ஒரு புடவைக்குக்கூடக் காணாது. மீதியெல்லாம் கூலராக நிற்கிறது, விற்றால்தான் காசு, அதை வாங்கவும் அந்த வேன்காரன்தான் ஆள் அனுப்புகிறான் என்றேன்.

"எடுக்க முடியாத காசு எப்படிம்மா நம்முளுது?" என்றாள். உங்களுக்காவது பதில் தெரியுமா?

ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேனோடு வேனுக்கே கிளம்பிவிட்டேன். வழியில் ரங்கம்மாள் நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, நீங்களும் போயிட்டா கூலர்ல பால் துடுப்புக்கு எட்டாதுங்களே. எங்க சொம்புப் பாலுக்கெல்லாம் வேன் நிக்காதுங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. கூலருக்குள் சுற்றும் துடுப்பு மூழ்கப் பால் நின்றால்தான் அது சுழன்று குளிரும். குறைந்தால் ஊற்றியவர்கள் பால் அத்தனையும் கெட்டுப்போகும். நான் கேனோடு சொசைட்டிப் பக்கம் திரும்பினேன். என் காலை யாரும் கட்டவில்லை மாமா, ஆனாலும் வேறு பக்கம் போக முடியவில்லை.

மலர் அதற்குமேல் சண்டை போடவில்லை. ஹாஸ்டலே வேண்டாம் என்றுவிட்டாள். விடிகாலையில் என்னோடு பால் கறந்துவிட்டு பஸ் ஏறுகிறாள், சாயங்காலக் கறவைக்கு ஓடி வருகிறாள். போன வாரம் சிங்காநல்லூரில் இறங்க வேண்டியவள் அசந்து தூங்கி, உக்கடம் வரை போய்த்தான் கண் விழித்தாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நேற்று சொசைட்டிச் செயலாளர், "உங்களுக்குப் பின்னால பங்கு யாருக்குங்க? மலர் பேரைப் போட்டர்லாமுங்களா?" என்றார். அவள் கேனை அலசிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உடம்பில் தெம்பிருக்கும் வரை நான் ஊற்றுகிறேன். என்னால் அந்தப் பால் துடுப்புக்குக் கீழே இறங்காது. ஆனால் வாரிசு என்று அவள் பேரைச் சொல்ல மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம். கோபம் வந்தால் வரட்டும் மாமா, என்னோடு போகட்டும் இது.

உங்கள் அத்தை மகளும், மலரின் அம்மாவுமான
சரசு