அப்பாவின் நீலக் கோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம். கோபப்படாமல் படியுங்கள்.

நம் கட்சி நீலத்தை விட்டுச் சிவப்புக்கு மாறுவதற்கு முன், நீங்கள் தேர்தல் வேலைக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு இன்று ரயில் நிலையம் போனேன். நீலம் இப்போது எதிரணியின் நிறம் என்பதை மறந்தே போனேன். அவர்களுடைய தொண்டர் அம்மாள் ஒருவர் என் கையில் தேர்தல் நோட்டீஸ் கட்டைத் திணித்தார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு? படிக்கட்டுல நின்னு வர்ற போறவங்களுக்கு நல்லாக் குனிஞ்சு கும்பிடு!"

"நான் தேகு ஊருங்க..." என்றேன். நம் கட்சியைத் தவிர வேறு யாரும் ஜெயிக்காத ஊர் என்று புரிந்துகொள்வார் என நினைத்தேன்.

"அட, தேகுவுலகூட நமக்கு ஆள் இருக்கா!" என்று கட்டிப்பிடித்தார். "சாப்பிட்டியா கண்ணு?"

சியோலுக்கு வந்த ஏழு மாதத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள். அரை மணி நேரம் குனிந்தேன்.

கிம்ச்சியும், எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறத்தில் ஒரு கோட்டும் அனுப்புங்கள். கோட்டுக்கு அவசரமில்லை; அந்த அம்மாள் நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.

ரயில் வந்துவிட்டது.
உங்கள் மகள் சோல்மி